இல்லை என்றார்கள், பிறகு உண்டு என்றார்கள்

எனக்கு வந்தது என்ன வருத்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல இன்றைக்கும் எனக்கு வராது. கிளினிக்குக்குப் புதிதாக வருகிறவர்கள், முதல் இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்து, "உங்களுக்கு எப்பிடித் தொடங்கினது?" என்று கேட்பார்கள். நான் நடுவிலிருந்து தொடங்கி, பின்னால் போய், எங்கேயோ சிக்கி, "இப்ப நல்லாயிருக்கிறன், பயப்பிடாதேங்கோ" என்று முடித்துவிடுவேன். பயம் போனதா என்று அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும். போயிருக்காது. அவர்களுக்காகத்தான் இதை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது யுத்தம் மறுபடி மும்முரமாகியிருந்தது. நாங்கள் கண்டியில், கட்டுக்கலைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்துக்காரி. என் கணவர் செல்வராஜ் கலஹாவில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கண்டிப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்தவர். மகள் அபி முதலாம் வகுப்பு. நான் பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி உதவியாளர். மரபணு பற்றியது என் வேலை. வந்த வருத்தமும் மரபணு வருத்தம்தான். இதைக் கேட்டதும் எல்லோரும், "அப்ப உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்குமே" என்பார்கள். அப்படி ஒன்றுமில்லை. தெரிந்தது பாதி என்பதால் குழப்பம்தான் கூடியது.

ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு வருவது விளங்க வேண்டுமென்றால். பாண் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் ஒற்றைக் கலத்தாலான உயிர். அதற்குள்ளும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நீக்கினால் பெரும்பாலும் எதுவும் நடக்காததுபோல அது வளர்ந்துகொண்டே இருக்கும். வேறொன்றை நீக்கினாலும் அப்படித்தான். ஆனால் சில சோடிகள் உண்டு. அந்த இரண்டையும் ஒன்றாக நீக்கினால் கலம் செத்துவிடும். அந்தச் சோடிகளைத் தேடுவதுதான் எங்கள் வேலை. வெளிநாட்டிலிருந்து வந்த ஈஸ்ட் வகைகளை ஒன்றோடொன்று கலந்து, தட்டுத் தட்டாக வளர்த்து, எங்கே பொட்டு வைத்ததுபோல வளர்ந்திருக்கிறது, எங்கே வெறுமையாக இருக்கிறது என்று பார்த்து, எந்த மரபணு எதற்குக் கைகொடுக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தோம்.

செல்வா ஒருநாள் கேட்டார். "செத்துப்போன ஈஸ்ட்ட வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"கடுகண்ணாவ றோட்டை மூடினா கொழும்புக்கு எப்பிடிப் போவியள்?"

"கலகெதர, குருணாகல் சுத்திப் போவேன்."

"அதையும் மூடினா?"

"வீட்டுல இருக்க வேண்டியதுதான்."

"கான்சர்க் கலத்தில ஒரு றோட்டு ஏற்கெனவே மூடியிருக்கும். மற்ற றோட்டு எதெண்டு தெரிஞ்சா, அதை மட்டும் மூடுற மருந்தைச் செய்யலாம். நல்ல கலத்துக்கு ரெண்டு றோட்டும் இருக்கு, அது தப்பும். கெட்ட கலம் மட்டும் சாகும்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல கணக்கு" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து வராது.

வருத்தம் களைப்பாகத்தான் வந்தது. பேராதனைப் பாலத்தடியில் இராணுவச் சோதனைக்காகப் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏறுவதற்குள் கால் நடுங்கியது. இடது விலா எலும்புக்குக் கீழே ஏதோ கல்லை வைத்துக் கட்டியதுபோல ஒரு கனம். இரண்டு வாய் சோறு சாப்பிட்டால் வயிறு நிரம்பிவிடும். சட்டைகள் தொளதொளத்தன. வேலை கூடிப்போச்சு என்று நானும், தம்பியை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று செல்வாவும் எண்ணிக்கொண்டோம். தம்பி குகன் வன்னியில், கிளிநொச்சியில் விவசாயப் போதனாசிரியர். அம்மா அவனோடு இருந்தார். அப்பா முன்னமே காலமாகிவிட்டார். வன்னிக்குப் போகும் பாதை மூடிய பிறகு அவர்களோடு பேசுவது அபூர்வமாகிவிட்டிருந்தது. ஆகவே கவலை என்பதும் பொய்யில்லை.

எங்கள் பேராசிரியைதான் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரத்தம் சோதிக்க அனுப்பினார். அவர் சிங்களவர், கடுமையானவர். வேலைநேரத்தில் யாரையும் வெளியே அனுப்பும் பழக்கம் அவரிடம் இல்லை. அதனாலேயே நான் பயந்துபோனேன். பின்னேரம் ஆய்வகத்துக்காரர், துண்டைத் தராமல், "டொக்டரிடம் நேராகப் போங்கள்" என்றார். வெண்குருதிக் கலங்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு கூடியிருந்தன. அன்றைக்கே கண்டி ஆஸ்பத்திரியில் என்னை வாட்டில் சேர்த்தார்கள்.

வாட்டில் எனக்குத் தமிழில் விளக்கம் சொன்னவர் டொக்டர் ரிஸானா. அக்குறணைக்காரர், என்னைவிட வயதில் இளையவர். கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டு சொன்னார்.

"அக்கா, இது இரத்தப் புற்றுநோயில ஒரு வகை மாதிரித் தெரியுது. மெதுவாப் போற வகை. உங்கட மண்ணீரல் வீங்கியிருக்கு, அதுதான் அந்தக் கனம். எலும்புக்குள்ள இருக்கிற மச்சையை எடுத்துப் பார்க்கணும்."

"மரபணுவும் பார்ப்பியளோ?"

"பார்க்கத்தான் வேணும். ரெண்டு நிறமூர்த்தம் முறிஞ்சு, இடம் மாறி ஒட்டினா, பிரிஞ்சு இருக்க வேண்டிய ரெண்டு மரபணு ஒண்டாச் சேரும். சேர்ந்தது நிப்பாட்டச் சொன்னாலும் நிக்காது. கலத்தைப் பெருக்கிக்கொண்டே இருக்கும். அது இருந்தா அதுக்கெண்டே ஒரு மாத்திரை வந்திருக்கு. இமாட்டினிப்."

நிறமூர்த்தம் என்றால் மரபணுக்கள் கோத்திருக்கும் நூல். எனக்கு அது தெரியும். அந்த மாத்திரையைப் பற்றியும் மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில், நீக்கினால் என்ன, சேர்ந்தால் என்ன, என்னுடைய ஈஸ்ட்டில் நடப்பது எது, எனக்குள் நடப்பது எது என்று எல்லாம் கலங்கிப்போய், "இருந்தால் நல்லதோ கூடாதோ?" என்று கேட்டேன்.

ரிஸானா, "இருந்தா நல்லம், அக்கா" என்றார். பிறகு தானே சிரித்துவிட்டார். "எப்பிடிச் சொன்னாலும் பிழையாத்தான் கேக்குது."

மச்சை எடுப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். இடுப்பு எலும்பில் விறைப்பு ஊசி போடுவார்கள். குத்துவது அவ்வளவு தெரியாது. உறிஞ்சும்போதுதான், காலுக்குள்ளிருந்து ஏதோ வேரோடு இழுபடுவதுபோல இருக்கும். எண்ணி முடிப்பதற்குள் முடிந்துவிடும். அழுதால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நான் அழுதேன்.

அந்த மாதிரியைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கலங்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அவற்றை வளர்த்து, நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். செல்வா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறினார். கொழும்பை அண்டிய ஒரு சோதனைச்சாவடியில் அவரை இறக்கிவிட்டார்கள். தமிழன், கையில் மூடிய பெட்டி, உள்ளே குழாய்கள், மனைவி பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டியிருக்கிறார். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று இருத்திவைத்து, மறுநாள்தான் விட்டார்கள். அங்கிருந்து நேராக ஆய்வகத்துக்குப் போய்ப் பெட்டியைக் கொடுத்திருக்கிறார். கலங்கள் செத்துவிட்டன என்று சொன்னார்களாம்.

அவர் வாட்டுக்கு வந்து கட்டிலருகில் நின்றார். தாடி வளர்ந்திருந்தது.

"அடிச்சவங்களோ?"

"இல்ல. மரியாதையாத்தான் கேட்டாங்க. ஒரே கேள்விய திரும்பத் திரும்பக் கேட்டாங்க, அவ்வளவுதான்." பிறகு, "ஐஸ் கரைஞ்சிருச்சு, வத்சலா. மாத்திப் போடச் சொல்லிக் கேட்டேன். விடல" என்றார்.

திரும்பவும் மச்சை எடுத்தார்கள். இம்முறை பேராசிரியை தன் காரிலேயே பெட்டியை வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். போகும் வழியில் அவருடைய காரை யாரும் நிறுத்தவில்லை. அதைச் சொல்லும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "உன்னுடைய தட்டுகளை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒன்றையும் எறியவில்லை" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

முடிவு வரும்வரை வெண்குருதிக் கலங்களைக் குறைக்க ஒரு குளிசை தந்தார்கள். மற்றபடி காத்திருப்புத்தான். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கலகெதரவிலிருந்து வந்த ஒரு சிங்களத் தாய். அவருடைய மகன் இராணுவத்தில், வன்னிப் பக்கம். ரேடியோவில் செய்தி தொடங்கினால் அவரும் நானும் ஒரே மாதிரி நிமிர்ந்து இருப்போம். "உன் தம்பி எங்கே?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்று சொன்னேன். கிளிநொச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் தன் செவ்விளநீரில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தார். அவருடைய மகன் உயிரோடு வர வேண்டும் என்று மனதார நினைப்பேன். அடுத்த நிமிடமே, அவன் கையில் இருக்கும் துவக்கு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்றும் நினைப்பு வரும். இரண்டையும் சேர்த்து என்ன செய்வதென்று தெரியாமல் இளநீரைக் குடிப்பேன்.

வீட்டில் அபியைப் பார்த்துக்கொள்ளச் செல்வாவின் அக்கா சரோஜா கலஹாவிலிருந்து வந்திருந்தார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை. யாழ்ப்பாணத்துப் பெண் என்று எங்கள் கல்யாணத்தில் அவருக்குப் பெரிய விருப்பமிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ஆட்களைப் பார்க்க விடும் நேரத்துக்கு நடந்தே, போத்தலில் ரசத்தோடு வந்துவிடுவார். ஒருநாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, மெல்லிய குரலில் கேட்டார்.

"என்னமோ பரம்பரைன்னு டாக்டரம்மா சொன்னாங்களாமே?"

பள்ளிக்கூடப் புத்தகத்தில் மரபணுவுக்குப் 'பரம்பரையலகு' என்றுதான் பெயர். செல்வா அந்தச் சொல்லைத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"பரம்பரை வருத்தம் இல்லை, அக்கா. அம்மா, அப்பாவிட்ட இருந்து வந்ததில்லை. எனக்குள்ளதான், ஒரு கலத்தில பிழைச்சுப்போச்சு."

"அப்போ புள்ளைக்கு வராது?"

"வராது."

"நெசமாத்தான் சொல்றியா? எனக்காகச் சொல்லல?"

"நிசமாத்தான்."

அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. மறுநாள் அபியைத் தனியார் ஆய்வகமொன்றுக்குக் கூட்டிப்போய் இரத்தம் சோதித்து, தன் கைக்காசைக் கொடுத்து, துண்டை வாங்கி வந்து ரிஸானாவிடம் காட்டியிருக்கிறார். எல்லாம் சரி என்று அவர் சொன்ன பிறகே என்னிடம் வந்து, "புள்ள நல்லாயிருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தத் துண்டை வாங்கி நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து முடிவு வந்தது. நிறமூர்த்தங்கள் சரியாக இருக்கின்றன. முறிவு இல்லை, ஒட்டு இல்லை.

நல்ல செய்தி என்று செல்வா நினைத்தார். நான்தான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது, எனக்கே விளங்காமல். அந்த ஒட்டு இல்லையென்றால் அந்த மாத்திரை பலிக்காது. அதே போலத் தோற்றமளிக்கும் வேறு நோயாக இருக்கலாம். வாட்டுக்குப் பொறுப்பான பெரிய டொக்டர் வந்து, இனி மச்சை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். அதாவது மருந்தால் என் மச்சையை அழித்துவிட்டு, பொருந்துகிற ஒருவருடைய மச்சையை உள்ளே விடுவது. அதற்கு இந்தியா போக வேண்டும். பொருந்தக் கூடியவர்கள் முதலில் கூடப்பிறந்தவர்கள்தான். அதிலும் நாலில் ஒரு வாய்ப்புத்தான்.

"கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா?"

"ஒரு தம்பி."

"வரச் சொல்லுங்கள்."

ரிஸானா அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவர் என் துண்டைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சரோஜாக்கா ரிஸானாவைத் தாழ்வாரத்தில் மறித்தார். எனக்குக் கேட்கும் தூரம்தான்.

"எங்கிட்ட எடுத்துப் பாருங்களேன். நான் நல்லாத்தான் இருக்கேன், ஒரு நாளும் படுத்ததில்ல."

"அது பொருந்தாது, அக்கா. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்திருக்கணும்."

"பாக்காமலேயே எப்படிச் சொல்றீங்க?"

கடைசியில் ரிஸானா அவருடைய கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, வகை பார்த்துவிட்டு, வேறு வகை என்று சொல்லி அனுப்பினார். சரோஜாக்கா திரும்பி வந்து போத்தலை மூடினார். அன்றைக்கு என்னோடு பேசவேயில்லை. தான் உதவாமல் போனதற்கு என்மேல் கோபமா, தன்மேல் கோபமா என்று எனக்குப் புரியவில்லை.

குகனுக்குச் சொல்லி அனுப்பினோம். வன்னிக்குள் போய்வர அனுமதியிருந்த ஒரு பாதிரியார் வாய்மொழியாக எடுத்துச் சென்றார். 'அக்காவுக்கு மச்சை வேண்டும், நீ வந்தால்தான் சரி.' இவ்வளவுதான். அவனிடம் அது போய்ச் சேர்ந்ததென்று பிறகு தெரியவந்தது. உள்ளே இருப்பவர்கள் வெளியே வர, அங்கே ஆட்சி செய்தவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். இளம் வயதுக்காரருக்கு அது கிடைப்பதில்லை. இதெல்லாம் தெரிந்துதான் சொல்லியனுப்பினோம். சொல்லாமல் இருந்திருக்கலாமா என்றால், எப்படிச் சொல்லாமல் இருப்பது.

இதற்கிடையில் பேராசிரியைக்குச் சந்தேகம். நிறமூர்த்தத்தைக் கண்ணால் பார்ப்பது என்பது தூரத்திலிருந்து மலையைப் பார்ப்பதுதான், சின்னத் துண்டொன்று இடம் மாறியிருந்தால் தெரியாது என்று பெரிய டொக்டரிடம் நேரில் போய் வாதாடியிருக்கிறார். நுணுக்குக்காட்டியை விட்டுவிட்டு, அந்த ஒட்டிய மரபணுவின் எழுத்துவரிசையையே தேடும் வேறொரு சோதனை இருந்தது. பெரிய டொக்டருக்கும் அதே எண்ணம் இருந்திருக்கிறது. என் இரத்தம் சென்னைக்குப் போனது. செலவை யார் பார்த்தார்கள் என்று நான் கேட்டேன். "நீ படுத்திரு" என்றார் செல்வா.

பல வாரங்களுக்குப் பின், நான் வீட்டில் இருந்தபோது, ரிஸானா செல்வாவின் தொலைபேசிக்கு எடுத்தார். அவர் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இருக்கு, அக்கா. இருக்கு. ஒளிஞ்சிருந்திருக்கு."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எனக்குப் புற்றுநோயின் மரபணு உறுதியாகிவிட்டது என்று கேட்டு, சந்தோஷத்தில் அழுதேன். அபி ஓடிவந்து, "அம்மா ஏன் அழுறீங்க?" என்று கேட்டாள். செல்வா அவளைத் தூக்கிக்கொண்டு, "அம்மாவுக்கு ஒண்ணு இல்லன்னு சொன்னாங்க, இப்ப இருக்காம்" என்றார். அவளும் கை தட்டினாள்.

மாத்திரை ஒரு வெளிநாட்டுத் திட்டத்தின் மூலம் இலவசமாகக் கிடைத்தது. சோதனை முடிவு இல்லாமல் அது கிடைத்திருக்காது. கண் இமை வீங்கும், கால் தசை இறுகும், சாப்பாட்டோடு விழுங்காவிட்டால் குமட்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். சில வாரங்களில் வெண்குருதிக் கலங்கள் இறங்கின. விலாவுக்குக் கீழிருந்த கல் கரைந்தது. நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்ட நாளில் சரோஜாக்கா ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது தரமும் போட்டார். பிறகு தன் பையைக் கட்டிக்கொண்டு கலஹா பஸ் ஏறினார்.

ஆனால் குகனுக்கு இதைச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. பாதிரியார் அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. போர் நெருங்கிவிட்டது. இராணுவத்தின் கையில் கிளிநொச்சி விழுந்த அன்று கண்டித் தெருவில் பட்டாசு கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். பக்கத்துச் சிங்கள வீட்டார் வெற்றியைக் கொண்டாடப் பாற்சோறு கொண்டுவந்து தந்தார்கள். நல்ல மனிதர்கள், நான் வருத்தமாகக் கிடந்தபோது அபியைப் பார்த்துக்கொண்டவர்கள். வாங்கி மேசையில் வைத்தேன். சாப்பிடுவதா, கொட்டுவதா என்று தெரியாமல் அது அப்படியே ஆறிப்போனது. என் உடம்பு தேறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் என் ஆட்கள் எங்கே ஓடிக்கொண்டிருந்தார்கள் என்று தெரியாது. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும், "நல்ல முன்னேற்றம்" என்பார்கள். தலையாட்டுவேன்.

போர் முடிந்து, வவுனியா அகதி முகாமில் குகனின் பெயர் இருக்கிறது என்று தெரியவந்தது. அம்மாவின் பெயர் இல்லை. அம்மா கடைசி மாதங்களில், ஒரு பதுங்குகுழிக்கு வெளியே, தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் போய்விட்டார் என்பதை முள்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன்தான் சொன்னான். அதை இங்கே விரித்து எழுத என்னால் முடியாது. எழுதினால் இது வேறு ஒன்றாகிவிடும்.

அவன் என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "அக்கா, ஆர் தந்தது?" என்றுதான்.

"என்னது?"

"மச்சை. ஆரும் தராமல் எப்பிடி நிக்கிறாய்?"

நான் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவன் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, பாஸ் கேட்டு, உள்ளே ஆட்சி செய்தவர்கள் மறுத்த பின் காட்டு வழியாக வெளியே வர முயன்று அவர்களிடமே பிடிபட்டதையும், தண்டனையாகப் பல மாதம் பங்கர் வெட்டவிட்டதையும், அந்தக் காலத்தில் அம்மா தனியே இருந்ததையும் செல்வாவிடம்தான் சொன்னான், என்னிடமில்லை. காலத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். அவன் காட்டுக்குள் இறங்கியபோது நான் மாத்திரை தொடங்கிவிட்டிருந்தேன்.

முகாமிலிருந்து விட்டதும் அவன் கண்டிக்கு வந்தான். எங்கள் முன்னறையில் பாய் போட்டுப் படுத்தான். நான் மறுபடி ஆய்வுகூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தேன். மாத்திரைக்கு என்றாவது கலங்கள் பழகிவிட்டால் அடுத்து எதை மூடுவது என்று உலகத்தில் பலரும் தேடிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் எங்கள் ஈஸ்ட் சோடிகளோடு, அந்தத் தேடலின் ஓர் ஓரத்தில் இருந்தோம். அந்த நேரத்தில் என் இரத்தச் சோதனையொன்றில் அந்த ஒட்டிய மரபணுவின் எண்ணிக்கை சற்று ஏறியது. மாத்திரை அளவைக் கூட்டிப் பார்ப்போம், எதற்கும் தம்பியின் பொருத்தத்தையும் பார்த்து வைப்போம் என்றார் பெரிய டொக்டர். நான் சொல்லி முடிப்பதற்குள் குகன் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

கூட்டிய அளவில் எண்ணிக்கை மறுபடி இறங்கியது. இன்றுவரை இறங்கியே இருக்கிறது. பொருத்தத்தின் முடிவு அதற்குப் பிறகு வந்தது. ரிஸானா எங்கள் இருவரையும் இருத்திவைத்துச் சொன்னார். பொருந்தவில்லை. பாதிகூட இல்லை.

வீட்டுக்கு நேரே போகாமல் நடந்தோம். வாவிக்கரையில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த ஒரு வாங்கில் குகன் இருந்தான். நானும் இருந்தேன். முடிவை ரிஸானா அவனுக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்றும், சொன்னதே நல்லது என்றும் மாறி மாறித் தோன்றியது.

"அப்ப நான் வந்து சேர்ந்திருந்தாலும் உதவியிராது" என்றான்.

"இல்லை."

"அம்மாவை விட்டிட்டு வெளிக்கிட்டது..." அவன் அதை முடிக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. என் கையை அவன் முழங்காலில் வைத்தேன்.

வெகுநேரத்துக்குப் பிறகு கேட்டான். "பாதிகூட இல்லையெண்டா என்ன கருத்து? விதைநெல்லில நாங்களும் இப்பிடிப் பாக்கிறனாங்கள்."

இதுவாவது எனக்குச் சொல்லத் தெரிந்தது. "அம்மாட்ட ரெண்டு பாதி. அதில ஒண்டைத்தான் ஒரு பிள்ளைக்குக் குடுப்பா. அப்பாவும் அப்பிடித்தான். நான் அம்மாட்ட ஒரு பாதி எடுத்தன், நீ மற்றப் பாதியை எடுத்திருக்கிறாய். அப்பாட்டயும் அப்பிடியே. அதாலதான் ஒண்டும் பொருந்தேல்லை."

அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்ப, அக்கா, நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டா இருந்தா, அம்மாவும் அப்பாவும் முழுசா இருக்கினம். என்ன?"

நானும் ஒருமுறை மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது.